புரூட் வாரா, யூரி'ஸ் ரிவெஞ்சா?

தொடர் விடுமுறைக்கு ஊருக்கு பஸ் டிக்கெட் கிடைக்காமல் பெங்களூரிலேயே மாட்டிக்கொள்ளும்போதெல்லாம், பி.டி.எம். லேஅவுட்டில் எங்கள் அறையில் இந்தச் சண்டை வரும். லேப்டாப்புகளை இணைத்து, படை திரட்டிச் சண்டை போடும் கேம்களில் எதை ஆடுவது? 'ஸ்டார்கிராஃப்ட்'டுக்கு 1998இல் வந்த எக்ஸ்பான்ஷன் (மூல கேமுடன் சேரும் கூடுதல் பகுதி) 'புரூட் வார்' ஒரு பக்கம். 'ரெட் அலர்ட் 2'க்கு 2001இல் வந்த 'யூரி'ஸ் ரிவெஞ்ச்' இன்னொரு பக்கம்.

புரூட் வார் புது இனம் எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்த மூன்று இனங்களுக்கும் (மனிதர்களான டெர்ரன், பூச்சி மாதிரியான ஸெர்க், வேற்றுக்கிரகவாசிகளான புரோட்டாஸ்) சேர்த்து 7 யூனிட்கள், அதாவது படை வகைகள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டையை அடைக்க வந்தது. டெர்ரனின் காலாள் வீரன் மரீன் மலிவு, சீக்கிரம் செத்துப்போவான். கூடவே ஓடி வைத்தியம் பார்க்க மெடிக் வந்ததும் மரீன் கூட்டம் பெரும்படையாகிவிட்டது. அதற்குப் பதிலடி ஸெர்க்கின் லர்க்கர். மண்ணுக்குள் புதைந்துகொண்டு நேர்கோட்டில் முட்களைப் பாய்ச்சும். வரிசையாக ஓடிவந்த மரீன்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் காலி. தப்பிக்க ஒரு வழி, ஸ்கேன் போட்டு அதைக் கண்ணில் காட்டிவிட்டு, மரீன்களைப் பக்கவாட்டில் சிதறடித்துச் சுடுவது. அதற்குக் கை பழக வேண்டும். 2001க்குப் பிறகு இந்த யூனிட்களின் பலம், விலை எதையும் யாரும் மாற்றவில்லை. மேப் வடிவமைப்பை வைத்தே சமன் செய்துகொள்கிறார்கள். கொரியாவில் இதை வைத்து இன்னும் லீக் நடக்கிறது.

புதிதாக வருபவருக்கு இது கொடுமைதான். ஒரு தடவைக்கு 12 யூனிட்டுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது. எட்டு கட்டடம் இருந்தால் எட்டையும் தனித்தனியாகக் கிளிக் செய்ய வேண்டும்.

யூரி'ஸ் ரிவெஞ்ச் அப்படியே தலைகீழ். சமநிலையாவது மண்ணாவது என்று, அடுத்தவர் மனதைப் பிடித்து ஆட்டும் யூரி என்ற வில்லனின் மூன்றாவது அணியையே இறக்கிவிட்டது. எதிரியின் டாங்க்கை அந்த அணியின் மாஸ்டர்மைண்ட் என்ற வாகனம் வசப்படுத்தும். அதை ஓட்டிவந்து 'கிரைண்டர்' கட்டடத்துக்குள் விட்டால் நொறுக்கிக் காசாக்கிவிடலாம். "டேய், என் டாங்க்கையே வித்துட்டியாடா!" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்து அலறல் கேட்கும். பேராசைக்குத் தண்டனையும் உண்டு: மூன்றுக்கு மேல் பிடித்தால் மாஸ்டர்மைண்டே சேதமாகத் தொடங்கும். இந்த மாதிரி குறும்பு புரூட் வாரில் கிடையாது. அதில் புரோட்டாஸின் டார்க் ஆர்க்கானும் மனதைப் பிடிக்கும்தான், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பார்த்தால் சிரிப்பு வராது.

குறை என்னவென்றால், யூரி அணி மற்ற இரண்டு அணிகளையும் (நேச அணி, சோவியத்) விடத் தெளிவாகவே பலசாலி. வசியத்துக்கு மசியாத ரோபோ டாங்க்கை நேச அணிக்குக் கொடுத்தார்கள், ஆனால் மின்சாரம் போனால் அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அதனால் எங்கள் அறையில் யூரியை எடுப்பவர் ஒருவர், அவரை எதிர்த்து இரண்டு பேர்.

கதையில் புரூட் வாருக்குப் பக்கத்தில்கூட யூரி வர முடியாது. ஸெர்க் படையின் தலைவி கெரிகன் எல்லோருடனும் கைகோத்து, ஒவ்வொருவராகக் கழுத்தறுத்து, கடைசி மிஷனில் மூன்று படைகளை ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறாள். வில்லி ஜெயிக்கிற கதையை, அதுவும் நம் கையாலேயே, அன்றைக்கு எத்தனை கேம் சொன்னது? யூரியிலோ கால இயந்திரம் தவறிப்போய் டைனோசர் காலத்தில் இறக்கிவிடுகிறது, நிலாவில் ஒரு சண்டை நடக்கிறது. லாஜிக் பார்க்காமல் ரசிக்கலாம்.

தனியாக ஆட, ஒரு விஷயத்தில் தேர்ச்சி பெற ஆசை என்றால் புரூட் வார். 2017 ஏப்ரலில் இருந்து அது இலவசம். அறையில் நாலு பேர், அதில் இரண்டு பேருக்கு ஆட்டமே புதுசு என்றால் யோசிக்காமல் யூரி. 2024இல் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வந்துவிட்டது. லேப்டாப்புகளை நேராக இணைத்து ஆடும் பழைய லேன் முறை இப்போதைய விண்டோஸில் ஓடாது, எனவே அதற்குப் பதிலான சிஎன்சிநெட் மென்பொருளை முந்தின நாளே நிறுவிவிடுங்கள்.