ஏலத்தோட்டத்துக்கு முன்பணம் வாங்கிப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு மானாவாரி ஊர். ஆடித்தபசு முடிந்த மறுவாரம், தெரிந்த அண்ணாச்சி ஒருவரை நம்பி நானும் மனைவியும் இடுக்கிக்கு ஏலக்காய் எடுக்கப் போனோம். ஆளுக்கு நாளைக்கு 500 ரூபாய், தங்குமிடம் இலவசம், முன்பணம் ஆளுக்கு 10,000 என்றார். வேனில் ஏறும்போதே "பதியணும்" என்று சொல்லி ஆதார் அட்டைகளை வாங்கிக்கொண்டார். அங்கேதான் மாட்டினோம்.

செடி அடியில் குனிந்து குனிந்து காய் எடுக்க வேண்டும். மருந்தடித்த ஈரம் காயுமுன்னே இறக்கிவிடுவார்கள். மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது ஊருக்குப் போகிறோம் என்றேன். "முன்பணம் கழியாம எப்படிப் போவிய? ஆதார் எங்கிட்டல்லா இருக்கு" என்றார். கணக்கு கேட்டால், "என்னய நம்பலியோ?" என்பார்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. நாங்கள் வேலை பார்த்தது 52 நாள். மழை, அரைநாள் என்று கழித்து அவர் எழுதியது 38. நாள்கூலியில் 50 ரூபாய் கமிஷன். ஆக இரண்டு பேருக்கும் 34,200. அதில் முன்பணம் 20,000, பலசரக்கு 10,000, வேன் வாடகை 3,000 போக 1,200 ரூபாய் கையில் வந்தது. பேசியபடி பார்த்தால் மொத்தக் கூலியே 52,000 வந்திருக்க வேண்டும்.

ஊர் வந்தபின் இலவச சட்ட உதவி வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் தடுத்தால் அது கொத்தடிமை. 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. வெளிமாநிலத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவருக்கு உரிமம் வேண்டும், பயணச் செலவும் தொழிலாளி தலையில் விழக் கூடாது என்று 2025 வரை நடப்பில் இருந்த 1979 சட்டமே சொல்லியிருந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் காய்ச்சலோடு அவளைத் தோட்டத்துக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம்?" என்றார்கள். மனைவி நாங்கள் தங்கியிருந்த லயத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தினமும் கோடு போட்டு, கிளம்பும்போது அதைச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். அது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. ஆதார் அட்டைகள் திரும்பி வந்துவிட்டன. கூலிப் பாக்கி இன்னும் வரவில்லை.

போகிறவர்கள் ஆதார் நகல் மட்டும் கொடுங்கள். வேலை பார்த்த நாள்களை உங்கள் நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். தடுத்தால் 15100-க்கு அடியுங்கள், சட்ட உதவிக்கான எண் அது. போன வாரம் அதே வேன் எங்கள் பக்கத்து ஊருக்கு ஆள் கேட்டு வந்து போயிருக்கிறது.