ஹீட்டர் கோரை மாற்றாமலே பில் போட்டார்கள்: பழைய டிரக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

ஒன்டாரியோவில் பழைய பிக்கப் ஓட்டும் நம்மவர்கள் இதைப் படியுங்கள். குளிர் தொடங்குவதற்குள் படித்தால் இன்னும் நல்லது.

என்னிடம் இருப்பது 1972 செவ்ரோலெட் சி10, 350 வி8 இன்ஜின். போன ஜனவரியில் ஹீட்டரில் சூடு நின்றுபோனது. ப்ளோயர் நன்றாகச் சுற்றுகிறது, காற்றும் பலமாக வருகிறது, ஆனால் வெளியே அடிக்கிற அதே குளிர்காற்றுதான். கை விறைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன் கண்ணாடியில் படியும் பனியை உருக்குவதும் இந்தச் சூடுதான். அது இல்லாமல் ஹைவேயில் ஏறுவது உயிரோடு விளையாடுவது.

பழைய வண்டிகளுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கராஜில் விட்டேன். எஸ்டிமேட் எழுதித் தரச் சொன்னேன். திறந்து பார்த்தால்தான் தெரியும், இவ்வளவு பழைய வண்டிக்கு முன்கூட்டி எழுத முடியாது என்றார் முதலாளி. எடுக்கப் போனபோது பில் தயாராக இருந்தது. புது தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்டுக்கு வழி திறக்கும் வால்வு), புது ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்), கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), கூலி எல்லாம் சேர்த்து 1,100 டாலருக்கு மேல். கழற்றிய கோரைக் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டதாம்.

வீடு வந்து சேர்வதற்குள் கால் மரத்துவிட்டது. சூடு துளிகூட இல்லை. திரும்பக் கொண்டுபோனால், வண்டியின் பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, இப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடும்" என்றார்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே, எரியும் வாயுவும் கூலன்டும் கலக்காமல் அடைக்கும் தகடு. அதை மாற்ற இன்னொரு 3,000 டாலர். என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்தால் அதற்கு எளிய சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை நீலத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் ஒருவரைப் பயமுறுத்திப் பணம் கேட்பது என்ன தொழில்?

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் அந்தச் சோதனையைச் செய்தார். நீலம் நீலமாகவே இருந்தது. அப்புறம் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இந்த இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து 5/8 அங்குல ஹோஸ் வழியாகச் சூடான கூலன்ட் கோருக்குள் போகும், 3/4 அங்குல ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்பும். இரண்டும் சுட்டால் கூலன்ட் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது டேஷ்போர்டு லீவரிலிருந்து வெப்பக் கதவுக்கு (கோரின் சூட்டைக் காற்றில் கலக்க விடும் சின்னக் கதவு) போகும் கேபிள் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் கூலன்ட் குறைவு, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. என் வண்டியில் ஒன்று சுட்டது, மற்றது சில்லென்று இருந்தது. கோர் அடைத்திருக்கிறது.

புதிதாக மாற்றிய கோர் எப்படி அதற்குள் அடைக்கும்? ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகடு) ஹீட்டர் பெட்டியைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் காட்டினார். இந்த வண்டியில் அவற்றைக் கழற்றாமல் கோரை வெளியே எடுக்க முடியாது. ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை, பல வருடத் துரு அப்படியே இறுகிக் கிடந்தது. ஹோஸ்களைக் கழற்றி எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டார். வேகமாக விட்டால் பழைய கோரின் பற்றவைப்பு பிளந்துவிடும். செம்மண் சேறாக வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளிந்து வரும்வரை விடவில்லை.

தெர்மோஸ்டாட் மட்டும் உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள். ஆனால் அதில் பொறித்திருந்த எண் 160. இந்த இன்ஜினுக்கு வேண்டியது 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 90 செல்சியஸ். 160 என்றால் 71 செல்சியஸிலேயே திறந்துவிடும். கனடாக் குளிரில் இன்ஜின் ஒழுங்காகச் சூடாகவே ஆகாது. இரண்டாவது மெக்கானிக் 195 ஒன்றைப் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் பில்லில் கால் பங்குகூட வாங்கவில்லை. இப்போது ஹீட்டரைப் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கிறது.

ஒன்டாரியோவில் 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. எஸ்டிமேட் தராமல் கராஜ் பணம் வாங்கக் கூடாது. வேண்டாம் என்று நீங்களே சொல்லி, இவ்வளவுக்குள் செய்யுங்கள் என்று ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு. எஸ்டிமேட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் பில் போகக் கூடாது. வேண்டாம் என்று நீங்கள் முதலிலேயே சொல்லாவிட்டால், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும். புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. "பழைய வண்டி" என்ற சாக்கு இதில் எங்கும் செல்லாது. கழற்றிய பாகம் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் போடுவதற்கு முன் அதன் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

துருப்பிடித்த நட்டுகளின் படங்கள், இரண்டாவது மெக்கானிக் எழுதித் தந்த குறிப்பு, சட்டத்தின் பிரிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து முதல் கராஜுக்குக் கடிதம் அனுப்பினேன். கோருக்கு வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாற்றாத கோருக்கான கூலியை இன்னும் தரவில்லை. மாகாண நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.