வேலை செய்யும் ஆப்பைக் கொல்லும் போன்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சமீபத்தில் என் போனுக்குப் பேட்டரி மாற்றினேன். அதே சமயத்தில் இந்த மாடலின் விலையும் இறங்கியிருக்கிறது. நண்பன் கேட்டான்: "நீதான் ரொம்ப நாளா வெச்சிருக்கியே, இப்ப வாங்கலாமாடா? கேமரா, டிஸ்பிளே எல்லாம் வீடியோவுல பாத்துட்டேன். ஆப்லாம் எப்படி ஓடுதுன்னு மட்டும் சொல்லு."

இந்தக் கேள்விக்கு விமர்சன வீடியோக்களில் பதில் கிடைக்காது. போனைச் சில நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பவருக்கு இது தெரியவர வாய்ப்பே இல்லை. அதனால் அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் அருமையான போன். வாங்கிய நாளில் ஆப்கள் திறந்த வேகம் இன்றும் அப்படியே இருக்கிறது. கீழே விழுந்திருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பு அப்டேட்கள் சொன்னபடி வந்தன. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்தில் வழி பார்ப்பேன். மொழிபெயர்ப்பு ஆப்பில் தமிழை ஆஃப்லைனில் வைத்திருக்கிறேன். நீண்ட ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டே நடப்பேன். திரை எரிந்துகொண்டிருக்கும் வரை எந்த ஆப்பும் ஒரு நொடி தடுமாறியதில்லை. புதுப் பேட்டரி போட்ட பிறகு ராத்திரி படுக்கப் போகும்போதும் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சமிருக்கிறது.

பிரச்சினை திரை அணைந்த பிறகுதான் தொடங்குகிறது.

எனக்குக் காலையும் இரவும் மாத்திரை உண்டு. அதற்கென்று ஒரு சின்ன நினைவூட்டி ஆப் வைத்திருக்கிறேன். விளம்பரம் கிடையாது. கணக்குத் தொடங்கச் சொல்லாது. இன்டர்நெட் அனுமதிகூட அது கேட்கவில்லை. நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் மணியடிக்கும், 'எடுத்தாச்சு' என்று தொட்டால் போய்விடும். ஒரு ஆப்பிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். இந்த போன் அதைப் பல இரவுகளில் மணியடிக்கவே விடுவதில்லை. மறுநாள் காலையில் சந்தேகப்பட்டு ஆப்பைத் திறந்தால், அந்த நொடியில் முந்தைய இரவின் நினைவூட்டல் வந்து நிற்கும். அதே இரவில், அதே பூட்டிய திரையில், ஒரு ஷாப்பிங் ஆப்பின் 'இன்று மட்டும் தள்ளுபடி' மட்டும் நேரம் தவறாமல் வந்து சேர்ந்திருக்கும்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பேட்டரியைச் சேமிக்க ஆப்களைத் தூங்க வைப்பது ஆண்ட்ராய்டின் பழைய ஏற்பாடு. 2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6ல் டோஸ் என்ற வசதி வந்தது. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், போன் அசையாமல் கிடந்தால், ஆப்களின் இன்டர்நெட்டையும் பின்னணி வேலைகளையும் சிஸ்டம் நிறுத்தி வைக்கும். அவ்வப்போது கொஞ்ச நேரம் திறந்துவிடும். 2018ல் வந்த ஆண்ட்ராய்டு 9 இன்னும் ஒரு படி மேலே போய், நாம் எந்த ஆப்பை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்று பார்த்து, அதற்கேற்பப் பின்னணி வேலைக்கு அளவு வைத்தது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்நேரமும் விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும் ஆப்கள் ஏராளம், அவற்றுக்குக் கடிவாளம் வேண்டும். தவிர, கூகுள் இரண்டு கதவுகளைத் திறந்தே வைத்தது. அலாரம் வைக்கும் ஆப், டோஸ் நேரத்திலும் தன்னை எழுப்பச் சொல்லிக் கேட்கலாம். வெளியிலிருந்து அவசரச் செய்தி வந்தால், கூகுளின் பொது இணைப்பு வழியாக அது தூங்கும் ஆப்பையும் எழுப்பும்.

அந்த இரண்டாவது கதவு வழியாகத்தான் தள்ளுபடி விளம்பரம் உள்ளே வருகிறது. சர்வர் வைத்திருக்கும் நிறுவனம் ஒரு செய்தியை அவசரம் என்று முத்திரை குத்தி அனுப்பினால் போதும். அப்படி அனுப்புவது, பயனர் கண்ணில் படும் நோட்டிபிகேஷனாக முடிய வேண்டும் என்று கூகுள் எதிர்பார்க்கிறது. விளம்பரமும் கண்ணில் படும் நோட்டிபிகேஷன்தானே! என் மாத்திரை ஆப்புக்கு சர்வர் இல்லை. என் விவரம் எதையும் அது வெளியே அனுப்புவதில்லை, அதனால் சர்வருக்குத் தேவையும் இல்லை. அதற்கு இருப்பது முதல் கதவு ஒன்றுதான். இந்த போன் நிறுவனம் அந்தக் கதவைத்தான் இழுத்துச் சாத்தியிருக்கிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் அலாரம் என்பது, 'இந்த நேரத்துக்கு என்னை எழுப்பு' என்று ஆப் சிஸ்டத்திடம் சொல்லி வைப்பது. ஒரு ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தால், அதாவது செட்டிங்ஸில் போய் அதைக் கட்டாயமாக நிறுத்தினால், அது சொல்லி வைத்த அலாரங்கள் அத்தனையும் ரத்தாகும். நாமே மறுபடி திறக்கும் வரை அந்த ஆப் செத்ததற்குச் சமம். சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் ரீசன்ட்ஸ் பட்டியலிலிருந்து ஒரு ஆப்பை மேலே தள்ளி மூடினால், சாதாரண ஆண்ட்ராய்டில் அலாரம் பிழைத்துக்கொள்ளும். இந்த போனில் தள்ளி மூடுவதே ஃபோர்ஸ் ஸ்டாப் போலத்தான். நான் மூடாவிட்டாலும், திரை அணைந்து சில மணி நேரம் ஆனால் போனே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஐபோனில் பின்னணி வேலைக்குக் கெடுபிடி எப்போதுமே அதிகம். ஆனால் அங்கே நினைவூட்டலை முன்கூட்டியே சிஸ்டத்திடம் ஒப்படைத்துவிடலாம். ஓர் ஆப்புக்கு 64 வரை அது வரிசையில் வைத்திருக்கும். ஆப்பை மூடினாலும் மூடாவிட்டாலும் நேரத்துக்கு வந்துவிடும். கண்டிப்பும் இருக்கலாம், கொடுத்த வாக்கும் நிற்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

தள்ளி மூடும் பழக்கத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி மிச்சமாகும் என்று நம்பி நிறையப் பேர் மணிக்கு ஒரு தரம் எல்லா ஆப்பையும் துடைத்துப் போடுகிறார்கள். 2016ல் ஒரு வாடிக்கையாளர் இதையே கேட்டபோது, ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, தான் அப்படி மூடுவதில்லை, அது தேவையும் இல்லை என்று பதில் எழுதினார். ஆண்ட்ராய்டுக்கும் இது பொருந்தும். மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிகச் சக்தி செலவாகிறது. தொங்கிப்போன ஆப்பை மட்டும் மூடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

சரி, மாத்திரை ஆப்பைப் பிழைக்க வைக்க என்ன செய்தேன்? செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்பதன் கீழ் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றினேன். போதவில்லை. 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று ஒரு தனி அனுமதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12ல் வந்தது, 14லிருந்து புதிதாகப் போடும் பெரும்பாலான ஆப்களுக்கு அது மூடியே இருக்கும். அதையும் திறந்தேன். அதுவும் போதவில்லை. பிறகுதான் நிறுவனம் தானே சேர்த்திருக்கும் ஆட்டோஸ்டார்ட் பட்டியல், அதாவது எந்த ஆப் நாம் திறக்காமல் தானாகவே எழலாம் என்ற பட்டியல், கண்ணில் பட்டது. அது பேட்டரிப் பக்கத்திலும் இல்லை, ஆப்ஸ் பக்கத்திலும் இல்லை, முற்றிலும் வேறொரு மெனுவுக்குள் இருக்கிறது. திறந்து பார்த்தால், பெரிய ஷாப்பிங் ஆப்களுக்கும் சோஷியல் மீடியா ஆப்களுக்கும் நேரே சுவிட்ச் ஏற்கெனவே ஆனில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. நிறுவனமே முன்கூட்டி விலக்கு கொடுத்திருக்கிறது. என் மாத்திரை ஆப்புக்கு நேரே மட்டும் ஆஃப். அதை ஆன் செய்து, ரீசன்ட்ஸில் அந்த ஆப்பின் மேல் பூட்டுக் குறியையும் போட்ட பிறகுதான் இரவு மணி அடிக்க ஆரம்பித்தது.

அடுத்த பெரிய சிஸ்டம் அப்டேட்டில் இவற்றில் பாதி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. ஒரு அறிவிப்புகூட இல்லை. மாத்திரை தவறிய பிறகுதான் தெரிந்தது.

பேட்டரியைக் காப்பாற்றத்தானே செய்கிறார்கள் என்று பல நாள் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழைய பேட்டரி தளர்ந்திருந்தபோது அந்தச் சமாதானத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. இப்போது புதுப் பேட்டரி, பாதிக்கு மேல் சார்ஜ், சில இரவுகளில் சார்ஜரிலேயே கிடக்கிறது. அப்போதும் பூட்டுப் போடாத ஆப்களைக் கொல்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை சில நொடிகள் எழும் ஆப் எவ்வளவு பேட்டரியைத் தின்றுவிடும்?

இதில் என்னை அதிகம் வருத்துவது பழி போய்ச் சேரும் இடம். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் எல்லோரும் போனைத் திட்டுவார்கள். நினைவூட்டல் வராவிட்டால் ஆப்பைத்தான் திட்டுவார்கள். அந்தச் சின்ன ஆப்பின் ஸ்டோர் பக்கத்தைப் போய்ப் பாருங்கள்: 'மணியே அடிக்கல, வேஸ்ட்' என்று ஒற்றை நட்சத்திரங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஆப்பை எழுதியவர் பொறுமையாக அதே செட்டிங்ஸ் வழியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். நல்ல ஆப் எழுதியவர் ஒரு போன் நிறுவனத்தின் முடிவுக்காகத் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நிறுவனமோ, பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது என்று பாராட்டு வாங்கிக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் இந்த போனில் என்னைத் தினமும் சந்தோஷப்படுத்தும் ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வேண்டாத நோட்டிபிகேஷன் வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். விரலை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். அது எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும். அங்கிருந்து செட்டிங்ஸுக்குள் போனால் அந்த ஆப்பின் எல்லா வகைகளும் வரிசையாக இருக்கும்: ஆர்டர் நிலவரம், சலுகைகள், உங்களுக்காக, பொது. சலுகைகளையும் 'உங்களுக்காக'வையும் அணைத்துவிட்டு ஆர்டர் நிலவரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2017ல் ஆண்ட்ராய்டு 8ல் வந்த வசதி இது. இத்தனை வருடம் ஆகியும் பலர் ஒரு ஆப்பின் மொத்த நோட்டிபிகேஷனையும் அணைத்துவிட்டு, பார்சல் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கிறார்கள். நாம் ஒரு வகையை அணைத்துவிட்டால் ஆப்பால் அதைத் திரும்ப ஆன் செய்ய முடியாது. புதுப் பெயரில் வேறு வகையை உருவாக்கும் தந்திரத்தைச் சில ஆப்கள் செய்கின்றன. அதனால் எப்போதாவது போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். டெலிவரித் தகவலையும் விளம்பரத்தையும் வேண்டுமென்றே ஒரே வகைக்குள் கலந்து அனுப்பும் ஆப்பை நான் போனில் வைத்துக்கொள்வதில்லை, அந்தச் சேவையை பிரவுசரில் பயன்படுத்துகிறேன்.

கூடவே நோட்டிபிகேஷன் ஹிஸ்டரியையும் ஆன் செய்து வையுங்கள். ஆண்ட்ராய்டு 11லிருந்து இருக்கிறது, ஆனால் நாமாகப் போய்த்தான் ஆன் செய்ய வேண்டும். கை தவறித் தள்ளிவிட்டதை 24 மணி நேரத்துக்குள் அங்கே போய்ப் படிக்கலாம். மாத்திரை நினைவூட்டல் உண்மையிலேயே வந்ததா, நான்தான் கவனிக்கவில்லையா என்பதை இதில்தான் சரிபார்த்தேன். வரவில்லை.

ஆனால் இந்த இரண்டும் கூகுள் தந்தவை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கிடைக்கும். இந்த நிறுவனம் தன் பங்குக்குச் சேர்த்தது அந்த ஆட்டோஸ்டார்ட் பட்டியலைத்தான்.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. திரை, வேகம், உழைப்பு, அப்டேட் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்த பிறகும் இதையே சொல்கிறேன். அவன் அம்மாவின் மருந்து நேரத்தையும் தன் போனில்தான் வைத்திருக்கிறான். வேறொருவர், வீடியோ பார்க்கவும் படம் எடுக்கவும் மட்டும் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

அதையும் மீறி விலைக்காக வாங்குவதென்றால், கடையின் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். 'டோண்ட் கில் மை ஆப்' என்று ஒரு தளம் இருக்கிறது. தூக்கக் கணக்கு வைக்கும் ஒரு ஆப்பை உருவாக்கியவர்கள், போன் நிறுவனங்கள் தங்கள் ஆப்பைக் கொல்வதைப் பொறுக்க முடியாமல் தொடங்கியது. எந்த நிறுவன போனில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று அதில் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதே பெயரில் ஒரு சோதனை ஆப்பும் உண்டு. செட்டிங்ஸ் எதையும் தொடாமல், ராத்திரி படுக்கும்போது அதை ஓடவிட்டு, திரையை அணைத்து, சார்ஜரில் போடாமல் வைத்துவிடுங்கள். பின்னணியில் ஓட எவ்வளவு அனுமதித்தது என்று காலையில் சதவீதமாகக் காட்டும். பிறகு நான் சொன்ன நான்கு இடங்களையும் மாற்றிவிட்டு அடுத்த இரவு மறுபடி ஓடவிடுங்கள். இரண்டாவது இரவிலும் எண் ஏறாவிட்டால் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏறினால் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகும் அதே சோதனையை இன்னொரு தரம் செய்ய வேண்டியிருக்கும்.