ஸ்கில் அசெஸ்மென்ட் அனுபவம்: 'நாங்கள்' செய்ததை 'நான்' என்று எழுதிய கதை

மெல்பர்ன் வந்து மூன்று வருடமாகிறது. பொறியாளர் விசாவுக்காக 2022-ல் சேர்த்த காகிதங்கள் இன்னும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. மாதத்துக்கு ஒருவராவது "அந்த சிடிஆர் எப்படி எழுதினீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். சிடிஆர் என்பது செய்த பொறியியல் வேலையை நாமே எழுதிக் காட்டும் அறிக்கை; விசாவுக்கு முன் நம் தகுதியைச் சரிபார்க்கும் ஸ்கில் அசெஸ்மென்ட்டுக்கு அது வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

நான் 2011-ல் மெக்கானிக்கல் முடித்தவன். ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா முழு உறுப்பினரானது 2014-ல்தான். அதிலும் என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான் அந்தக் குறுக்குவழி. என் கல்லூரி அந்தப் பக்கமே போனதில்லை. அதனால் பொறியாளர்களின் தகுதியைச் சரிபார்க்கும் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பிடம் சிடிஆர் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதாவது, செய்த வேலைகளில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் 1,000 முதல் 2,500 வார்த்தைக்குள் கட்டுரையாக எழுத வேண்டும். பத்திக்குப் பத்தி எண் போட வேண்டும். அவர்கள் பட்டியலிட்டிருக்கும் 16 திறன்களில் ஒவ்வொன்றும் எந்தப் பத்தியில் தெரிகிறது என்று தனியாக ஒரு அட்டவணையும் தர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா?

எனக்குப் பிரச்சினை ஆங்கிலத்தில் வரவில்லை. பிரேக் பிராக்கெட்டில் துளை போடும்போது அதை அசையாமல் பிடிக்கும் ஒரு ஃபிக்ஸ்சரை மாற்றியமைத்து ரிஜெக்‌ஷனைக் குறைத்த கதையை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அடிலெய்டில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். 'வி' (நாங்கள்) என்று வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பினான். எண்ணிப் பார்த்தேன், 41. "டேய், இதுல நீ எங்கடா இருக்க? உன் கம்பெனிக்கா விசா கேக்குற?" என்றான்.

ஷாப் ஃப்ளோரில் நாம் பேசிப் பழகியதே அப்படித்தான். "நாங்க மாத்தினோம் சார்", "நம்ம டீம்ல பண்ணோம் சார்". 'நான் பண்ணேன்' என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனால் அன்றைக்குக் கேலிதான். அந்த அடக்கத்தை ஓரம் வைத்துவிட்டு, கிளாம்ப் விசையைக் கணக்கிட்டது யார், லொக்கேட்டர் பின்னை நகர்த்தலாம் என்று முதலில் சொன்னது யார், வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று ஒவ்வொரு வரியாக என்னையே விசாரித்தேன். சில இடத்தில் பதில் 'நான் இல்லை' என்றுதான் வந்தது. இரண்டாவது கட்டுரையை அதனாலேயே முழுதாகத் தூக்கிப்போட்டேன். அதில் மூளை என் சீனியருடையது, நான் உடன் நின்றவன், அவ்வளவுதான். பதிலாக எடுத்தது சின்ன வேலை, ஆனால் முழுக்க என்னுடையது.

இதற்கு நடுவில் சென்னையில் ஒரு கன்சல்டன்ட் ஒரு மாதச் சம்பளத்துக்கு ரெடிமேட் சிடிஆர் தருவதாகச் சொன்னார். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார். அதிலும் ஒரு ஃபிக்ஸ்சர்! எத்தனை பேர் பெயரில் அது போய் வந்திருக்குமோ. காப்பி என்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு தடையும் விழும். விசாக் கட்டத்தில் பொய் ஆவணம் பிடிபட்டால் மூன்று ஆண்டு விசாவே கிடைக்காமல் போகலாம். எழுந்து வந்துவிட்டேன்.

அனுபவத்தை நிரூபிப்பதுதான் எனக்குப் பெரும்பாடாய்ப் போயிற்று. வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் கூட்டித்தான் இந்த விசா தருகிறார்கள். முதல் ஐந்து வருடம் அம்பத்தூரில், அடுத்த ஆறு வருடம் ஒரகடத்தில். இரண்டாவதை மட்டும் காட்டினால் 10 பாயிண்ட். இரண்டையும் சேர்த்து எட்டு வருடம் தாண்டினால் 15. அந்த ஐந்து பாயிண்ட்டுக்காகப் பழைய கம்பெனி ஹெச்ஆரிடம் நான்கு மாதம் அலைந்தேன். அவர்கள் ஃபார்மட்டில் 'நன்னடத்தையுடன் பணியாற்றினார்' என்று இரண்டே வரி. நமக்கு வேண்டியதோ லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, முழுநேர வேலையா என்பது, என்னென்ன பொறுப்புகள், கையெழுத்திட்டவரைத் தொடர்புகொள்ளும் விவரம். கடைசியில் ஓய்வுபெறும் நிலையில் இருந்த பழைய பிளான்ட் மேனேஜர்தான் காப்பாற்றினார். "நீ செஞ்சத மட்டும் எழுதிட்டு வா தம்பி, படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்" என்றார். நிஜமாகவே படித்தார். ஒரு வரியை அடித்தார். அடித்தது நியாயம்தான்.

கடிதம் மட்டும் போதாது, மூன்றாம் தரப்பு ஆதாரமும் வேண்டும். 2012-ல் என் சம்பளம் 11,500. அந்த ஆண்டு வருமான வரி வரம்பு 2 லட்சம், அதனால் வரியும் இல்லை, ஃபார்ம் 16-உம் இல்லை. சம்பள ரசீதோ கார்பன் காப்பி. எழுத்து மங்கிப் போயிருந்தது. கைகொடுத்தது பிஎஃப் கணக்குதான். பழைய நம்பரை யுஏஎன்-இல் (எல்லா பிஎஃப் கணக்குக்கும் பொதுவான எண்) முன்பே சேர்த்து வைத்திருந்ததால் மாதாமாதம் பிடித்த தொகை பாஸ்புக்கில் அப்படியே இருந்தது. பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவு செய்யாமல் விட்டது சோம்பேறித்தனத்தால்தான். அது இப்படி உதவும் என்று எதிர்பார்க்கவில்லை.

இதில் ஒரு கூத்து. அந்தக் கடிதத்துக்காக அலைந்த நேரத்தில் எனக்கு 33 முடிந்துவிட்டது. 25 முதல் 32 வயதுக்கு 30 பாயிண்ட், 33 ஆனால் 25. சம்பாதித்த ஐந்தும் போன ஐந்தும் சரியாகிவிட்டன. இப்போது யோசித்தால், கடிதங்களை வேலையை விடும் அன்றே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் நம் தொழிலைக் குறிக்கும் எண், அதாவது தொழில் குறியீடு விஷயத்திலும் குழம்பினேன். விசிட்டிங் கார்டில் 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று இருந்ததால் மேனேஜர் பிரிவோ என்று நினைத்தேன். எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவில் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கிறார்கள். 233513, புரொடக்‌ஷன் அல்லது பிளான்ட் எஞ்சினியர் என்று போட்டேன், அது பொருந்தியது.

எனக்குப் பிடித்த பகுதி தமிழ்ப் பரீட்சை. ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் என்ற வாய்மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழ் உண்டு. தேறினால் 5 பாயிண்ட். இரண்டு உரையாடல்கள். ஒவ்வொரு துண்டும் 35 வார்த்தைக்குள் ஆங்கிலத்திலோ தமிழிலோ வரும், மற்ற மொழியில் சொல்ல வேண்டும். 90-க்கு 63 எடுக்க வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் குறைந்தது 29. தாய்மொழிதானே என்று அலட்சியமாக ஒரு மாதிரி உரையாடலைப் போட்டுப் பார்த்தேன். 'ஒர்க்கர்ஸ் காம்பன்சேஷன்' வந்ததும் வாய் அடைத்துவிட்டது. 'பணியாளர் இழப்பீடு' என்பது படித்தால் தெரிகிற சொல், பேசும்போது நாக்குக்கு வருவதில்லை. ஒரு மாதம் தமிழ் நாளிதழைச் சத்தமாகப் படித்தேன். மனைவி சிரித்தாள். அப்புறம் அவளே ஆங்கிலத் துண்டுகளைப் படித்துக் கேட்க ஆரம்பித்தாள்.

மற்றதெல்லாம் கணக்குதான். வயது 25, பட்டம் 15, அனுபவம் 15, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5, தமிழுக்கு 5, என் ஆங்கிலத்துக்கு முதலில் 10. மொத்தம் 75. அது போதவில்லை. பிடிஇ என்ற ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதி ஆங்கிலத்தை 20 ஆக்கினேன், 85. விக்டோரியா மாநில நியமனத்தில் இன்னொரு 5.

இங்கே வந்தபின் ஒன்று தெரிந்தது: அந்த அசெஸ்மென்ட் கடிதத்தை எந்த முதலாளியும் என்னிடம் கேட்கவில்லை. அது குடியேற்றத்துக்கு மட்டும்தான். குயின்ஸ்லாந்து போன்ற மாநிலத்தில் பொறியாளராகப் பதிவு செய்வது முற்றிலும் வேறு வேலை. ஆனால் மெல்பர்ன் புறநகரான டாண்டினாங்கில் முதல் இன்டர்வியூவில் "இந்தப் புராஜெக்ட்டில் நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டபோது எனக்குத் தடுமாற்றம் வரவில்லை. ஃபிக்ஸ்சர் கதை மனப்பாடமாக இருந்தது.

போன வாரம் ஓசூரிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணா, உங்க சிடிஆர அனுப்புங்க, சும்மா மாதிரிக்குத்தான்." தரமாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டான். பிஎஃப் பாஸ்புக்கை இறக்கி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். யுஏஎன் பாஸ்வேர்டே மறந்துபோச்சாம்.