தமிழ் ஆய்வேட்டுக்கு ஸோட்டெரோ: ஐந்தாண்டுப் பயன்பாட்டில் தெரியவருபவை

தமிழிலோ வரலாற்றிலோ முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் முந்நூறு, நானூறு அடிக்குறிப்புகள் சாதாரணம். நெறியாளர் ஒரு பத்தியை மூன்றாம் இயலிலிருந்து முதல் இயலுக்கு நகர்த்தச் சொன்னால் போதும்: ‘மேலது’ (முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல்) என்று போட்ட குறிப்பு வேறொரு நூலுக்குக் கீழே போய் நிற்கும். அந்த வேலையைக் கணினியிடம் விடத்தான் ஸோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையத்தில் 2006இல் பயர்பாக்ஸ் உலாவியின் துணைச்செருகலாக வெளிவந்தது. இப்போது தனிச் செயலி. காசு கேட்பதில்லை, மூலநிரலும் திறந்தது. மெண்டலே, எண்ட்நோட் போன்ற இதே வகை மென்பொருள்கள் இருந்தும், தமிழ் நூல்களைக் கையாளும் ஆய்வாளருக்கு இதையே பரிந்துரைக்கிறோம். முக்கியக் காரணம், குறிப்பும் பட்டியலும் எந்த வடிவில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் மேற்கோள் பாணியின் கோப்பை நாமே திறந்து தமிழுக்கு ஏற்றபடி திருத்த முடிகிறது.

பதிவு சரியாக இருந்தால் குறிப்பு சரியாக வரும். தப்பாகப் பதிந்தால் நானூறு இடத்திலும் அதே தப்பு ஒரே ஒழுங்கில் அச்சாகும். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி, ஒரு நூலை முதன்முதல் உள்ளே ஏற்றும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது.

டிஓஐ எண் (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்) உள்ள ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகளில் சிக்கல் குறைவு. மந்திரக்கோல் பொத்தானை அழுத்தி எண்ணை ஒட்டினால் விவரம் வந்துவிடும். அப்போதும் தலைப்பை ஒருமுறை பார்க்க வேண்டும். சில இதழ்களின் தரவில் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். தலைப்பின் மேல் வலச்சொடுக்கி வாக்கிய வடிவத்துக்கு மாற்றி வைத்தால், ஏபிஏ, எம்எல்ஏ என்ற மேற்கோள் பாணிகள் ஒவ்வொன்றும் கேட்பதை மென்பொருளே அமைத்துக்கொள்ளும். ரோமன் எழுத்தில் தலைப்பிட்ட தமிழ் நூல் என்றால் மொழிப் புலத்தில் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியீட்டை இடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலத் தலைப்பு என நினைத்து ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கிவிடும்.

தமிழ் நூல்களுக்கு இந்தச் சொகுசு இல்லை. பழைய பதிப்புகளில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் கிடையாது. எண் உள்ள நூல்களுக்கும் வெளிநாட்டு நூலகப் பட்டியல்களிலிருந்து விவரம் வரும்போது, பெயரும் தலைப்பும் மேற்கோடு, கீழ்க்கோடு இட்ட ரோமன் எழுத்தில் வந்து நிற்கும். ஆய்வேடு தமிழில் என்றால் அதை அப்படியே விட முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், நூலகம் தளம், இணைய ஆவணகம் ஆகியவற்றிலிருந்து இறக்கிய பிடிஎஃப் பெரும்பாலும் பக்கங்களின் படங்களே. அவற்றை உள்ளே இழுத்துப் போட்டால் ஸோட்டெரோவால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கோப்பு தனியாகத் தொங்கும். அதன் மேல் வலச்சொடுக்கி, தாய்ப் பதிவு உருவாக்கி, நூலின் முகப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் நிரப்புவதே வழி. அட்டையைப் பார்த்து நிரப்பக் கூடாது. பதிப்பாண்டும் பதிப்பு எண்ணும் உள்பக்கத்தில்தான் இருக்கும்.

உலாவியின் பொத்தானை அழுத்திச் சேமிப்பவர்கள் செய்யும் பெரும் பிழை, வகையைப் பார்க்காமல் விடுவது. மின்னூலகத்தில் இருந்த நூல் ‘வலைப்பக்கம்’ என்றும், இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருந்த ஆய்வேடும் அதே வகையிலும் பதிவாகிவிடும். பிறகு குறிப்பில் பதிப்பகம் இருக்காது, பல்கலைக்கழகப் பெயர் இருக்காது, நீளமான இணைய முகவரி மட்டும் இருக்கும். தொகுப்பு நூலில் உள்ள கட்டுரை என்றால் வகை ‘நூற்பகுதி’. கட்டுரையாளர் ஆசிரியர் புலத்தில், தொகுத்தவர் பதிப்பாசிரியர் புலத்தில், கட்டுரையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பக்கங்கள் புலத்தில். நாம் மேற்கோள் எடுத்த பக்கம் இங்கே வரக் கூடாது. அதை ஒவ்வொரு குறிப்பிலும் தனியே இடவேண்டும்.

ஆசிரியர் பெயர்தான் தமிழ் ஆய்வாளரை அதிகம் அலைக்கழிப்பது. மு. வரதராசன் என்ற பெயரில் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தும் இயற்பெயரும்தான். ஸோட்டெரோவில் இரண்டு பெட்டிகள்: ‘வரதராசன்’ முதற்பெட்டியிலும் ‘மு.’ இரண்டாவதிலும் போக வேண்டும். மாற்றிப் போட்டால் துணைநூற்பட்டியலில் மகரத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு பெட்டி ஒன்றாகும். ‘வரதராசன், மு.’ என்று அதில் எழுதினால், எழுதியபடியே அச்சாகும். அடிக்குறிப்பு முறையில் எழுதுபவர்களுக்கு இது பாதுகாப்பானது. உரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் பெயரும் ஆண்டும் இடும் பெயர்-ஆண்டு முறைக்குச் சரிவராது, ஏனென்றால் அடைப்புக்குள்ளும் தலைப்பெழுத்தோடு முழுதாக வரும். அந்த முறைக்கு இரண்டு பெட்டியே நல்லது. ஆனால் நூறு நூல்களை ஏற்றுவதற்கு முன்பு ஐந்தை ஏற்றி, தமிழ்ப் பெயர்களில் காற்புள்ளியும் இடைவெளியும் ஒழுங்காக விழுகின்றனவா என்று நீங்கள் தேர்ந்த பாணியிலேயே சோதித்துவிடுங்கள். ஒரே ஆசிரியரை ஓரிடத்தில் மு.வ. என்றும் இன்னோரிடத்தில் மு. வரதராசன் என்றும் பதிந்தால் மென்பொருளுக்கு அவர் இரண்டு ஆட்கள்.

உரையாசிரியர்க்குத் தனிப் பெட்டி இல்லை. நூல் வகையில் கிடைப்பவை ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பங்களிப்பாளர், வரிசைப் பதிப்பாசிரியர். பங்களிப்பாளர் என்று போட்டால் பெரும்பாலான பாணிகளில் அச்சில் வருவதே இல்லை. நல்லவேளையாக நம் பழைய பதிப்புகளின் முகப்பிலேயே ‘மூலமும் உரையும்’ என்று உரைகாரர் பெயரோடு அச்சிட்டிருப்பார்கள். அதைத் தலைப்பாக அப்படியே பதிவது நேர்மையான வழி.

ஆண்டிலும் ஒரு குழி உண்டு. உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு முதலில் வந்தது 1894இல். கையில் இருப்பது பின்னாளைய மறுபதிப்பு என்றால் ஆண்டுப் புலத்தில் மறுபதிப்பின் ஆண்டையே இடவேண்டும், பக்க எண் அதற்குரியது என்பதால். முதற்பதிப்பின் ஆண்டை ‘எக்ஸ்ட்ரா’ என்ற புலத்தில் ‘ஒரிஜினல்-டேட்’ என்ற ஆங்கிலக் குறிச்சொல், முக்காற்புள்ளி, ஆண்டு என்ற வரிசையில் தட்டினால், ஏபிஏ பாணி இரண்டு ஆண்டையும் சாய்கோட்டுடன் அச்சிடும். மறுபதிப்பைப் பார்த்துவிட்டு 1894 என்று மட்டும் குறிப்பதை ஆய்வேடுகளில் அடிக்கடி காணலாம். புறத்தேர்வாளர் 1894ஆம் ஆண்டுப் பிரதியைப் புரட்டினால் அந்தப் பக்கத்தில் அந்த வரி இருக்காது. பழைய நூல்களில் ‘விஜய வருஷம்’ என்று மட்டும் போட்டிருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1893-94 ஆகவும் இருக்கலாம், 1953-54 ஆகவும் இருக்கலாம். அச்சகம், தாள், முன்னுரை இவற்றைப் பார்த்து முடிவு செய்து, முகப்பில் உள்ள தமிழ் ஆண்டையும் பதிவின் குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள்.

செவ்விலக்கியத்துக்குப் பக்க எண்ணை விடப் பாட்டு எண் பயன் தரும். ‘யாதும் ஊரே’ எந்தப் பதிப்பிலும் 192ஆம் பாட்டுதான். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வேர்டில் ஸோட்டெரோ தாவலில் ‘ஆட்/எடிட் சைடேஷன்’ அழுத்தி, நூலைத் தேர்ந்து, அதன் பெயர்க் குமிழைச் சொடுக்கினால் இடம் குறிக்கும் பெட்டி வரும். இயல்பாக அது ‘பக்கம்’ என்றிருக்கும். பாட்டு, வரி, பிரிவு, சுவடியின் ஏடு என்று மாற்றிக்கொள்ளலாம். முன்னொட்டு, பின்னொட்டு என இரண்டு பெட்டிகளும் அங்கேயே உண்டு. கல்வெட்டுக்குப் பின்னொட்டு மிக உதவும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை ஒரு நூலாகப் பதிந்துவிட்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டைச் சுட்டும்போது பின்னொட்டில் ‘எண் 66’ என்று இட்டால் முடிந்தது. கல்வெட்டு ஒவ்வொன்றையும் தனிப் பதிவாக்கினால் துணைநூற்பட்டியல் வீங்கிவிடும்.

இன்னொருவர் நூலில் பார்த்த கல்வெட்டையோ பாட்டையோ மூலத்தைப் பார்த்ததுபோல் குறிக்கக் கூடாது. பார்த்த நூலைக் குறித்து, முன்னொட்டில் ‘மேற்கோள் காட்டியவர்’ என்று சேருங்கள். மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது, தேர்வாளர் கண்டுபிடிப்பார்: முன்னவர் செய்த எழுத்துப்பிழை உங்கள் ஆய்வேட்டிலும் அப்படியே இருக்கும்.

இனிப் பாணி. ஸோட்டெரோவின் களஞ்சியத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாணிகள் இருக்கின்றன. அவற்றில் ஆங்கிலச் சூழலுக்கு எழுதிய ஒன்றைத் தமிழ் ஆய்வேட்டில் வைத்தால் பக்கத்துக்கும் பதிப்பாசிரியருக்கும் ஆங்கிலச் சுருக்கங்களே வரும். ஒவ்வொன்றாகக் கையால் திருத்துபவர்கள் அடுத்த புதுப்பிப்பில் அத்தனையையும் இழக்க நேரலாம். பாணிக் கோப்பையே மாற்றுவதுதான் தீர்வு. அமைப்புகளில் ‘சைட்’ பகுதியில் பாணித் திருத்தியைத் திறந்து, கோப்பின் தொடக்கத்தில் மொழிக்குரிய சொற்கள் இருக்கும் ‘லொகேல்’ பகுதியில் நான்கைந்து சொற்களுக்கு மாற்று எழுதினால் போதும்: பக்கத்துக்கு ‘ப.’, பல பக்கத்துக்கு ‘பக்.’, பதிப்பாசிரியருக்கு ‘பதிப்.’, ‘மேலது’, ‘மற்றும் பிறர்’. பிறகு கோப்பின் தலைப்பையும் அடையாள வரியையும் மாற்றிப் புதுப் பெயரில் சேமிக்க வேண்டும். பழைய அடையாளத்திலேயே விட்டால் பாணி தானாகப் புதுப்பிக்கப்படும் நாளில் உங்கள் திருத்தம் காணாமல் போகும். ஒரு மாலைப் பொழுது செலவாகும். துறையில் ஒருவர் செய்தால் எல்லாரும் அந்தக் கோப்பையே வைத்துக்கொள்ளலாம். நம் பல்கலைக்கழகத் துறைகள் இதைச் செய்து மாணவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தீராத ஆசை.

ஆய்வேடு யூனிகோடில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உடற்பகுதியைத் தட்டச்சு செய்தால் குறிப்பு ஒரு குறியாக்கத்திலும் உரை வேறொன்றிலும் நிற்கும். எழுத்துருவை மொத்தமாக மாற்றிய அந்தக் கணமே இரண்டில் ஒன்று படிக்க முடியாத குப்பையாகும். வெளியே தட்டச்சுக்குக் கொடுப்பவர்கள் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். வேர்டில் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ வகையில் சேரும். எழுத்துரு, அளவு இரண்டுக்கும் அதற்கெனத் தனி அமைப்பு உண்டு. துணைநூற்பட்டியலின் எழுத்தைத் தேர்ந்து பெரிதாக்கினால் அடுத்த புதுப்பிப்பில் பழையபடி ஆகிவிடும். ‘பிப்ளியோகிராஃபி’, ‘ஃபுட்நோட் டெக்ஸ்ட்’ என்ற வேர்டின் பாணிகளைத் திருத்தினால் நிலைக்கும்.

கோப்பு பெரிதாகும்போது வேகம் குறையும். குறிப்பு இருநூறைத் தாண்டியதும் ஒவ்வொரு சேர்ப்புக்கும் சில நொடிகள் காத்திருக்க நேரும். ஆவண அமைப்பில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் புதுக் குறிப்புகள் விட்டுவிட்டு வரும் அடிக்கோட்டுடன் நிற்கும். நாளின் இறுதியில் ‘ரெஃப்ரெஷ்’ ஒருமுறை போதும். குறிப்பின் எழுத்தை நேரடியாகத் திருத்தினால் மென்பொருள் எச்சரிக்கும். திருத்தத்தைக் காப்பாற்றச் சொன்னால் அந்தக் குறிப்பு அதன்பின் தானாக மாறவே மாறாது. வேர்ட் கோப்பை கூகுள் டாக்ஸிலோ லிப்ரே ஆபிஸிலோ சும்மா திறந்து சேமித்தாலும் இணைப்பு அறுந்துபோகலாம். ஆவண அமைப்பிலேயே வேறு செயலிக்கு மாற்றும் வசதி இருக்கிறது, அந்த வழியில்தான் போக வேண்டும்.

இலவசச் சேமிப்பு 300 எம்பி மட்டும். படப்பக்கப் பிடிஎஃப் வைத்திருப்பவருக்கு அது சில நூல்களிலேயே தீரும். ஆண்டுக்கு 20 டாலர் கொடுத்தால் 2 ஜிபி. கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டு, பதிவுகளை மட்டும் ஒத்திசைத்தால் செலவே இல்லை; பதிவுகளுக்கு வரம்பு கிடையாது. ஸோட்டெரோவின் தரவுக் கோப்புறையை டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குள் வைப்பது ஆபத்து, தரவுத்தளம் பழுதாகிவிடும். வாரம் ஒருமுறை செயலியை மூடிவிட்டு, முழுக் கோப்புறையையும் வெளிவன்வட்டில் நகலெடுங்கள்.

கருத்துத் திருட்டுச் சோதனைக்கும் இதற்கும் உள்ள உறவைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. உரிய முறையில் சுட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா. ஆனால் குறிப்பு எண் மட்டும் இருந்து மேற்கோள் குறி இல்லாவிட்டால், அந்த வரிகள் நம்முடையவை என்றுதான் படிப்பவர் கொள்வார். ஸோட்டெரோ குறிப்பைத்தான் இடும், மேற்கோள் குறியை இடாது.

இன்றுவரை தீராத குறை ஒன்று உண்டு. முதன்மை ஆதாரங்கள், துணைமை ஆதாரங்கள், இதழ்கள், ஆங்கில நூல்கள் என்று நம் துறைகள் பட்டியலைப் பிரித்துக் கேட்கின்றன; ஸோட்டெரோ ஒரே பட்டியலாகத்தான் தரும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தொகுப்பு வைத்து, நூல்களை அதில் இழுத்துப் போட்டு, தொகுப்பின் மேல் வலச்சொடுக்கித் தனித்தனிப் பட்டியல் எடுத்து ஒட்டுவதே நடைமுறை வழி. அகர வரிசையை, குறிப்பாக ல, ழ, ள, ற, ன வரும் இடங்களை, கண்ணால் சரிபார்க்க வேண்டும். இப்படி ஒட்டிய பட்டியல் உரையோடு இணைந்திராது. ஆகவே இதைக் கடைசி வாரத்தில் மட்டும் செய்யுங்கள், உரையில் உள்ள ஒவ்வொரு நூலும் பட்டியலில் உள்ளதா என்று இயல் இயலாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

சமர்ப்பிக்கும் கோப்பில் ‘அன்லிங்க் சைடேஷன்ஸ்’ அழுத்துவதற்கு முன் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்திய பிறகு குறிப்புகள் வெறும் எழுத்தாகிவிடும், திரும்ப இணைக்க வழியில்லை. வாய்மொழித் தேர்வுக்குப் பின் திருத்தம் வரும்போது வேலை செய்ய வேண்டியது இணைப்பு அறாத அந்த நகலில்.