புல்லட் பிரைமரி செயின்: கண்ணால் பார்ப்பதா, வெர்னியரால் அளப்பதா?

என்னிடம் இருப்பது வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக் வைத்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. போன கோடையில் சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குத் திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், இன்ஜின் சுழற்சியை க்ளட்சுக்குக் கொண்டுபோகும் பிரைமரி செயின் இருக்கும் இடது கேஸுக்குள்ளிருந்து ஊளைச் சத்தம். அந்தச் செயினும், அதை இழுக்கும் பல்சக்கரமான இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டும் புதிதாகப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போட்ட பட்டறையில் கேட்டால், "விடுங்கண்ணா, ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். ஆகவில்லை. நானே திறந்தேன். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், அப்புறம் நடுவில் அந்த ஒற்றை நட்டு. செயின் தகடுகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தன. இன்ஜின், க்ளட்ச் என இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை.

நேர் பார்க்கப் பட்டறைகளில் பெரும்பாலும் கண்தான். செயினோடு சேர்த்துக் குனிந்து பார்ப்பார்கள். பெரிய பிசகு தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் என் கண்ணுக்குத் தெரியாது, கைதேர்ந்தவர்களுக்குத் தெரியலாம். நூல் பிடிப்பது பின்சக்கரத்துக்கு அருமையான வழி, பின்சக்கர அச்சை நகர்த்தும் ஸ்நெயில் கேமின் பள்ளங்களை விட நான் அதைத்தான் நம்புவேன். ஆனால் பிரைமரி கேஸுக்குள் க்ளட்ச் டிரம் குறுக்கே நிற்கும், நூல் ஓடாது. லேசர் கருவியை நண்பர் ஒருவர் பின்செயினில் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான் என் அனுபவம்.

நான் போனது வெர்னியர் பக்கம், மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் கருவி. காரணம் ஒன்றே. இந்தச் செயினில் பிரிக்கும் லிங்க் கிடையாது. ஸ்ப்ராக்கெட்டை இம்மி நகர்த்த வேண்டுமென்றாலும் ஆல்டர்னேட்டர், க்ளட்ச் எல்லாம் கழன்று, இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினோடு சேர்ந்தே வெளியே வர வேண்டும். "கொஞ்சம் உள்ளே இருக்கு" என்று கண் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. ஒரு வாஷர் போட்டு, மூடி, ஓட்டி, மறுபடி திறந்து என்று அரை நாள் அரை நாளாகப் போகும். வெர்னியர் எண்ணைச் சொல்லிவிடும். அந்தக் கனத்துக்கு ஒரு ஷிம் (மெல்லிய வளையத் தகடு), ஒரே தடவை.

முதலில் நேரான இரும்புப் பட்டை வேண்டும். நம்ம ஊரில் கிரானைட்டுக்குப் பஞ்சமா? பாலிஷ் போட்ட உடைசல் துண்டின் மேல் பட்டையை நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன், வெளிச்சம் கசியவில்லை. செயின் இல்லாமல் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் மாட்டி முறுக்கினேன். பட்டையை உள்கேஸ் விளிம்பின் குறுக்கே வைத்து, வெர்னியரின் வால் குச்சியை இறக்கிப் பல்லின் முகம் வரை ஆழம் எடுத்தேன். கிராங்க்கையும் கியர்பாக்ஸ் ஷாஃப்டையும் உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். நான் முதல் தடவை தள்ளவில்லை. மூன்று முறை அளந்து மூன்று எண் வந்தது! க்ளட்ச் ஸ்ப்ராக்கெட் லேசாகத் தள்ளாடும் என்பதால் அதைச் சுழற்றி நான்கு இடத்தில் எடுத்துச் சராசரி பார்த்தேன். இன்ஜின் ஸ்ப்ராக்கெட் 0.8 மி.மீ. உள்ளே இருந்தது.

இதிலும் ஓட்டை உண்டு. எப்போதோ கீழே விழுந்து உள்கேஸ் விளிம்பு வளைந்த வண்டியென்றால் கணக்கு முழுக்கப் பொய். என்னுடையது விழாத வண்டி, தப்பித்தேன்.

ஓசூரில் ஒரு லேத்தில் 0.8 மி.மீ. ஷிம் கடைந்து வாங்கி இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் போட்டேன். செயினைச் சுற்றிவிட்டு, மிக இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி டென்ஷனர். ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டரைச் சுற்றி 0.2 மி.மீ. ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பார்த்து, ஆயில் ஊற்றி மூடினேன்.

ஊளை நின்றுவிட்டது. கஞ்சத்தனம் பார்த்துப் மூடியில் ஆயில் கசிவைத் தடுக்கும் பழைய ரப்பர் வளையத்தையே போட்டதால், இப்போது வண்டிக்கு அடியில் ஒரு அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.