பள்ளியின் மரபைக் காக்க நினைவு அறையா, மின்தொகுப்பா?

பழைய ஆண்டு மலர்களையும் வகுப்புப் படங்களையும் எவ்வாறு காப்பது என்று தயங்கும் சிறு தனியார் பள்ளிகளுக்காக அவற்றைக் காட்சிக்கு வைக்கும் நினைவு அறை, ஸ்கேன் செய்து கணினிக் கோப்புகளாகச் சேமிக்கும் மின்தொகுப்பு ஆகிய இரு வழிகளையும் ஒப்பிடுகிறேன்.

செலவு: நினைவு அறைக்கு இடமும் அலமாரிகளும் வேண்டும். மின்தொகுப்பை ஒரு ஸ்கேனருடன் தொடங்கலாம். ஆனால் சேமிப்புச் செலவு ஆண்டுதோறும் தொடரும்.

நீடிப்பு: மலிவான தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகும் என்பதால், அமிலமற்ற உறைகளும் ஈரமும் வெயிலும் அண்டாத இடமும் தேவை. கோப்புகள் மங்குவதில்லை, எனினும் அவற்றைச் சேமிக்கும் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) என்றேனும் பழுதாகும். ஆகவே 3 நகல்கள், 2 வகைச் சேமிப்புச் சாதனங்கள், 1 நகல் வேறிடத்தில் என்ற நடைமுறையும், 2005இல் பன்னாட்டு ஐஎஸ்ஓ தரமாக வெளியான, நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ என்ற கோப்பு வடிவமும் பெரிதும் உதவும்.

தேடல்: மின்தொகுப்பே எளிது.

சமூக உறவு: இதில் அறையே மேலானது. முன்னாள் மாணவர் ஒருவர் பேரக்குழந்தையுடன் வந்து பழைய படத்தின் முன் நிற்கும்போது, அதிலுள்ளவர்களின் பெயர்கள் அவர் வாயிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றை உடனே படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் குறித்து வைப்பதைவிட முக்கியமான பணி வேறில்லை என்பேன்.

முன்னாள் மாணவர்கள் தொலைதூரங்களில் வாழ்ந்தால் மின்தொகுப்பையும், தலைமுறைகள் அருகிலேயே தொடர்ந்தால் அறையையும் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தாலும், ஸ்கேன் செய்து முடித்தோம் என்று மூலப் படங்களை எறிந்துவிட வேண்டாம்.